ஆங்கிலக் கடலோரத்தில் கூடாரத்துக்கு ஓர் இடம்

ஆங்கில நாட்டாருக்குக் கடல் கோடைக்கு உரிய ஒரு பொருள். மாரியிலே அதனை மறந்தவர் போல இருப்பர். யூலை மாத இறுதியிலே பாடசாலைகள் மூடப்பட்டதும், நாடே கரையை நோக்கிச் சாய்ந்துவிட்டதோ என்று ஐயுறும் வண்ணம் வாகனங்கள் நிரை நிரையாகத் தெற்கும் மேற்கும் ஓடும். அவற்றுட் பலவற்றின் கூரைமேலே கூடாரம் கட்டப்பட்டிருக்கும். வீடும் வாசலும் உடையவர்கள் காசு கொடுத்துப் புற்றரையிலே படுக்கச் செல்வது நம்மவர்க்கு முதலில் விளங்குவதில்லை.

இவ்வழக்கத்தைப் பரப்பியோருள் முதன்மையானவர் தோமஸ் ஹைறம் ஹோல்டிங் என்னும் தையற்காரர். மிதிவண்டியிலே சிறு கூடாரமொன்றைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றியவர் அவர். 1901 ஆம் ஆண்டில் அவர் முன்னின்று தொடங்கிய சங்கம் பெயர் மாறி இன்றும் நடைபெறுகின்றது. 1938 இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சட்டம் நிறைவேறிய பின்னர், தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கும் கடலைக் காண வழி பிறந்தது. விடுதி வாடகை கொடுக்க வகையற்றோர் கூடாரத்தை நாடினர். இன்றும் பலர் அதனை நாடுவது அக்காரணம் பற்றியே.

எம்மவர் நாடியதும் அதனாலேதான். 2024 ஓகஸ்டில் நாம் அன்னையாரோடு இலண்டன் புறநகரான ஹறோவிலே தங்கை வீட்டில் தங்கியிருந்தோம். மைத்துனர் மருத்துவமனையொன்றில் இரவு பகல் மாறி மாறி வேலை செய்பவர். மாத இறுதியில் அவருக்குக் கிடைத்த விடுப்பு நான்கே நாள். ஆறு பேர் கடலோர விடுதியில் தங்குவதற்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்த தங்கை, அயல் வீட்டாரிடம் பெரிய கூடாரம் ஒன்று இரவல் வாங்கலாம் என்றாள். மருமக்கள் இருவரும் துள்ளிக் குதித்தனர். அன்னையார் மாத்திரம் ஒன்றுஞ் சொல்லவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் எம்மை அழைத்து, "தம்பி, நாங்கள் கூடாரத்திலை இருந்தது காணாதோ?" என்றார்.

அக்கேள்வியின் பொருளை ஈழத்து வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எம் குடும்பமும் நடந்தது. மாரி மழை தொடங்கிய காலம். நான்கு கம்பும் ஒரு தறப்பாளுமே பின்னர் பல வாரங்கள் எமக்கு வீடாயின. வெள்ளம் உட்புகுந்த இரவுகளில் அன்னையார் எம்மையும் தங்கையையும் ஒரு வாங்கின்மேல் இருத்திவிட்டுத் தாம் நின்றபடியே விடியலைக் கண்டார். அத்தகையவரிடம் கூடாரத்தை ஓர் இன்பப் பொருளாக எடுத்துரைப்பது எளிதன்று. ஆயினும் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இசைந்தார். ஒரேயொரு நிபந்தனை விதித்தார். "இடத்தை நான் பாத்துத்தான் சொல்லுவன்."

இங்கிலாந்திலே நினைத்த இடத்திற் கூடாரம் அடித்தல் ஆகாது. நில உடையாளரின் இசைவு வேண்டும். டாட்மூர் என்னும் மேட்டுப் பொதுநிலம் குறிப்பிடத்தக்க விலக்கு. அங்கு நிலவும் உரிமையை 2025 மே மாதத்தில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. மற்றைய இடங்களிலே தெரிவு மூவகைப்படும். நிலையான வண்டி வீடுகளும் நீச்சற் குளமும் ஆடல் பாடல் மண்டபமும் கொண்ட பெருந் திடல்கள் ஒருவகை. சங்கங்களின் சான்று பெற்று, அங்கத்தவர்க்கென ஐந்து வண்டி வீடுகள்வரை ஏற்கும் சிறு திடல்கள் இன்னொரு வகை. இவை 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகையால் வாழ்வன. கோடையிலே மட்டும் கமக்காரர் திறந்துவிடும் வயல்கள் மூன்றாம் வகை. 2023 யூலையில் வந்த விதியின்படி, சில நிபந்தனைகளுக்கு அமைய, ஆண்டில் 60 நாளுக்கு 50 கூடாரம்வரை தனி அனுமதியின்றியே ஒரு வயலில் இடங் கொடுக்கலாம். எம் கைக்கும் காலத்துக்கும் ஏற்றவை இவ்வயல்களே.

அன்றிரவே மேசைமேல் நிலப்படம் விரிந்தது. ஓர்ட்னன்ஸ் சேர்வே என்னும் அரச அளவை நிறுவனம் வெளியிடும் செம்மஞ்சள் உறைப் படங்கள் இத்தொழிலுக்கு மிக ஏற்றவை. நான்கு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றரைக் குறிக்கும். வயலின் எல்லைகூடத் தெரியும். திடலுக்கும் கடலுக்கும் இடையே சமவுயரக் கோடுகள் நெருங்கி நின்றால் அங்கே ஏற்றம் உண்டென்று அறியலாம். விளம்பரத்தில் வரும் வண்ணப் படங்கள் இதனைச் சொல்லமாட்டா. அவை எப்பொழுதும் வெயிலடிக்கும் ஒரு நாளில், காற்றில்லாத ஒரு கணத்தில் எடுக்கப்பட்டவை.

மைத்துனரின் நண்பர் ஒருவர் சமசெற் கரையிலுள்ள பிறீன் என்னும் ஊரைப் புகழ்ந்திருந்தார். மைல் கணக்கிலே மணல் உண்டு என்றார். உண்மைதான். ஆனால் நிலப்படத்திலே உயர்நீர்க் கோட்டுக்கும் தாழ்நீர்க் கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கண்டு நாம் வியந்தோம். ஏறத்தாழ ஒரு மைல். யாழ்ப்பாணக் கடலிலே வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஆகவே கடல் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் கிடக்கும் என்பது எமக்குப் புத்தக அறிவு மாத்திரமே. பிறிஸ்டல் கால்வாய் புனல் போல ஒடுங்கிச் செல்வதால் உள்ளே புகும் நீர் மேன்மேலும் உயர்கின்றது. செவேர்ண் ஆற்று முகத்திலே அவ்வேறுபாடு 14 மீற்றர்வரை செல்லும். நீர் வற்றிய வேளையிலே மணலுக்கு அப்பாற் கிடப்பது ஆளைப் புதைக்கும் சேறு. ஓடித் திரியும் சிறுவரோடு அங்கு செல்ல மனம் ஒப்பவில்லை.

அடுத்து நோர்போக். வெல்ஸ் என்னும் ஊரை அடுத்த கரை மிக அழகியது. பைன் மரங்களும் வெண்மணலும் அங்கு உண்டு. ஆயினும் பெருக்கு வரும்போது நீர் முன்னாலே வருவதில்லை. மணல் மேட்டைச் சுற்றிப் பின்புறத்துக் கால்வாயை முதலில் நிரப்பும். நிற்பவர் திரும்பிப் பார்க்கையில் வழி அடைபட்டிருக்கும். இதற்கென்றே அங்கு சங்கு ஊதி எச்சரிக்கின்றனர். இத்தகைய கரைகளின் கொடுமையை உலகம் அறிந்தது 2004 பெப்ருவரி 5 இரவிலே. வடமேற்கிலுள்ள மோர்க்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர் குறைந்தது 21 பேர் பெருக்கிலே சிக்கி மாண்டனர். எக்கரைக்குச் செல்வோரும் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்தே செல்லல் வேண்டும். ஒரு நுட்பம் உண்டு: பல அட்டவணைகள் கிறீனிச் நேரத்தையே தருகின்றன, கோடையிலே மணிக்கூட்டு நேரம் அதற்கு ஒரு மணி முந்தியது.

ஆகத் தெற்கே டோர்செற் மிஞ்சியது. அங்கே கடலரித்த சுண்ணக்கல் வளைவான டேர்டில் டோரைப் பிள்ளைகள் படத்திற் கண்டு அதன் அருகே தங்கவேண்டும் என்றனர். குன்றின் உச்சியிலே திடல் உண்டு, காட்சிக்கு ஈடில்லை. ஆனால் கரைக்கு இறங்கும் வழி செங்குத்தானது; எழுபத்து நான்கு வயது முழங்கால்களுக்கு உரியதன்று. மேலும் அக்கரையெங்கும் பாறை சரிவதுண்டு. 2012 யூலையிலே பேர்ட்டன் பிராட்ஸ்டொக் அருகே சரிந்த குன்று கரையிலே நடந்துகொண்டிருந்த இளம் பெண்ணொருவரைப் பலி கொண்டது. குன்றின் விளிம்பிலே கூடாரம் அடிப்பதும் அதன் அடியிலே பாய் விரிப்பதும் ஒரே தன்மையான அறியாமை.

சுவானேஜ் விரிகுடா கிழக்கு நோக்கியது. இங்கிலாந்திலே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனைப் பேர்பெக் குன்றுகள் முதுகிலே தாங்கிக்கொள்ள, விரிகுடா பெரும்பாலும் அமைதியாய்க் கிடக்கும். வற்றுப்பெருக்கின் வேறுபாடு சாதாரணமாக இரண்டு மீற்றருக்குட்பட்டது. மணல் மெல்லச் சரிந்து நீருள் இறங்கும். நிலப்படத்தை மடித்தோம்.

ஓகஸ்ட் முதல் வாரத்துச் சனிக்கிழமை இடம் பார்க்கப் புறப்பட்டோம். சாண்ட்பாங்ஸ் துறையிலே வாகனங்களை ஏற்றிக்கொண்டு சங்கிலியைப் பற்றி இழுத்துச் செல்லும் மிதவை ஒன்று உண்டு. "எங்கடை ஊர்காவற்றுறைப் பாதை" என்று அன்னையார் மகிழ்ந்தார். கோர்வ் கோட்டையை வாகனத்தில் இருந்தபடியே பார்த்தோம். 1646 இலே பாராளுமன்றப் படையினர் வெடிமருந்து வைத்துத் தகர்த்தபடியே சாய்ந்து நிற்கின்றது.

பார்த்த வயல்கள் இரண்டு. முதலாவது பள்ளத்தாக்கிலே, பச்சைப் பட்டு விரித்தாற்போலக் கிடந்தது. கட்டணமும் குறைவு. கடல் நடை தூரம். மைத்துனர் அங்கேயே பணத்தை எடுத்துவிட்டார். அன்னையாரோ வயலின் தாழ்ந்த மூலைவரை நடந்து சென்று, எம் ஊர்க் கோரையை ஒத்த புற்குற்றிகளைக் காட்டி, "இஞ்சை பார், கோரை நிக்குது. மழை வந்தால் இது குளம்" என்றார். நிலநூல் அறிந்தோரும் இதனையே கூறுவர். பேர்பெக்கின் வடக்கே சோக்குக் குன்று. தெற்கே சுண்ணக்கல் மேடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கிலே களி பெரிதும் கலந்த படிவுகள் கிடக்கின்றன. களி நீரை விடாது. யாழ்ப்பாணத்திலே சுண்ணக்கல்லின்மேல் வாழ்ந்தவர்க்கு இவ்வேறுபாடு காலடியிலே தெரியும் போலும்.

இரண்டாம் வயல் தெற்கு மேட்டின் சரிவிலே, சுண்ணக்கல் நிலத்தில் இருந்தது. புல் குட்டை. முளை இறக்கினால் கல்லிலே முட்டி வளையும் என்று உடையாளரே சொன்னார். அன்னையார் கேட்ட கேள்விகளை மைத்துனர் மொழிபெயர்த்தார். மழைநீர் எப்பக்கம் ஓடும்? மலசலகூடம் இரவிலே எத்தனை அடி? அங்கே விளக்கு உண்டா? குடிநீர்க் குழாய் கால்நடைத் தொட்டியிலிருந்து வேறானதா? அக்கமக்காரர் எத்தனையோ பேருக்கு இடங் கொடுத்திருப்பார். இவற்றை இவ்வொழுங்கிலே கேட்டவர் ஒருவரும் இல்லை என்று சிரித்தார். சிரித்தாலும் ஒவ்வொன்றுக்கும் நின்று விடை கூறினார்.

வயலுக்குள்ளேயும் தெரிவு உண்டு. மரத்தடி நிழலென்று எண்ணிச் செல்லலாகாது; மழை விட்டபின்னும் இலை சொட்டும், கிளையும் முறியலாம். தென்மேற்கு எல்லையிலே அடர்ந்த உயிர்வேலி ஒன்று நின்றது. மதில் காற்றை மறித்துச் சுழற்றும். வேலியோ வடித்து அனுப்பும். கிளுவை வேலிக்குள் வளர்ந்த நமக்கு இது புதிதன்று. அதன் மறைவிலே, சரிவின் நடுப்பகுதியிலே, மலசலகூடத்துக்கு நாற்பது யார் தள்ளி இடங் குறித்தோம். அடுத்த கூடாரத்துக்கும் எமக்கும் 6 மீற்றர் இடைவெளி வேண்டும். தீ பரவாதிருத்தற்கு அது விதி. தீயைப் பற்றி இன்னுமொன்று கூறுதல் கடன். சமைத்தபின் கரியடுப்பைக் குளிர்காயக் கூடாரத்துள் வைத்துறங்கியோர் காபனோரொட்சைட்டு வாயுவால் விழிக்காமலே போயிருக்கின்றனர். தணல் அவிந்தது போலத் தோன்றினும் வாயு வெளிவரும்.

கடலாடுவோர் அறியவேண்டியவை சில. காவலர் உள்ள கரைகளிலே சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே மாத்திரம் நீந்துக. தனிச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கற்க. நீரின் தூய்மையைச் சுற்றாடல் முகவரகம் மே 15 முதல் செப்ரெம்பர் 30 வரை சோதித்து நான்கு தரமாக வகுத்து வெளியிடுகின்றது. பெருமழைக்கு மறுநாள் கழிவுநீர் கலத்தல் கூடுமாதலால் நல்ல தரத்துக் கரையிலும் பொறுத்திருத்தல் நலம். ஓகஸ்டிலேகூட நீரின் வெப்பம் 17, 18 பாகை சென்ரிகிறேட் அளவே. பிள்ளைகளுக்கு அது பொருட்டன்று. எமக்கு முழங்காலளவு போதியதாயிற்று.

ஓகஸ்ட் இறுதித் திங்கட்கிழமை பொது விடுமுறை. அதனை ஒட்டிய நாட்களிலே கட்டணமும் கூட்டமும் ஏறும். அது கழிந்த மறுநாள் சென்றோம். முளைகள் மூன்று வளைந்தன. முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் மாலை மேகம் தென்மேற்கிலிருந்து திரண்டு, நள்ளிரவுக்குமேல் மழை கொட்டத் தொடங்கிற்று. துணியிலே மழை அறையும் ஓசையைக் கேட்டு நாமும் தங்கையும் ஒருங்கே எழுந்து அன்னையாரைப் பார்த்தோம். அவர் முன்னரே எழுந்திருந்தார். கைவிளக்கைப் பிடித்து நிலவிரிப்பின் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. பின் விளக்கை அணைத்துவிட்டுப் பேத்தியின் பக்கத்திலே படுத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் அவரது குறட்டை மழையோடு போட்டியிட்டது.

விடியற்காலையிலே கீழ் வயலில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தினர் நனைந்த படுக்கைகளைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு வந்து எம் வேலியிலே உலர்த்த இடங் கேட்டனர். அவர்களுடைய சிறுவன் செருப்பின்றி நடுங்கிக்கொண்டு நின்றான். அன்னையார் ஒரு வார்த்தை ஆங்கிலம் அறியார். கேத்தலை அடுப்பில் வைத்தார். தமது கம்பளிச் சால்வையை எடுத்துச் சிறுவனின் தோளிலே போர்த்தார். எம்மைப் பார்த்து, "தம்பி, சீனி எவ்வளவெண்டு கேள்" என்றார்.