அளப்பதன் தர்மம்

குழந்தைகளின் மனவளர்ச்சியைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவதையே ஜீவனமாகக் கொண்ட என் மேஜையின்மீது அதிகமாகப் புழங்கும் கருவி எதுவென்று கேட்டால், நட்சத்திரம், வட்டம், முக்கோணம், சிலுவை முதலான பத்து மரத்துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்த வேண்டிய செகுயின் பலகையைத்தான் காட்டுவேன். மூன்று முறை பொருத்தச் சொல்லி, அவற்றுள் மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் கொண்டு, அதற்குரிய மனவயதை அட்டவணையில் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எதுவார் செகுயின் என்ற பிரெஞ்சு வைத்தியர் இத்தகைய பலகைகளைக் கையாண்டது குழந்தைகளைத் தரம் பிரிப்பதற்காக அன்று. கல்விக்கே அருகதையற்றவர்கள் என்று உலகம் ஒதுக்கிய குழந்தைகளின் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி அளிப்பதற்காகவே. போதிப்பதற்கென்று பிறந்த பொருளைத் தீர்ப்புச் சொல்லும்படி செய்துவிட்டோமே என்ற விசாரம் எனக்கு உண்டு.

1905-இல் பாரிஸில் உளவியலறிஞர் ஆல்ஃபிரட் பினே, தம் சகாவான சீமோனுடன் சேர்ந்து அறிவை அளக்கும் அளவையை வெளியிட்டபோதும், பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனிப்போதனை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது. அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது, பெருகாதது என்ற கொள்கையை அவர் வன்மையாகக் கண்டித்தார். 1911-இல் அவர் காலமானார். மறு ஆண்டே ஜெர்மானியரான ஷ்டெர்ன் மனவயதை மெய்வயதால் வகுக்கும் முறையை முன்வைக்க, அந்த ஈவு நாளடைவில் குழந்தையின் ஜாதகம் போலாகிவிட்டது.

நேரத்தை மட்டும் குறித்துக்கொள்பவன் பாதி வேலையையே செய்தவனாவான். ஒரே நேரத்தில் முடிக்கும் இருவருள் ஒருவன், நட்சத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழிதோறும் வைத்து அழுத்திப் பார்க்கிறான். மற்றவனோ சரியான குழியைக் கண்ணாலேயே கண்டுகொண்டும், விரல்களில் வலுவில்லாமையால் துண்டைத் திருப்பிப் பொருத்தத் திணறுகிறான். எண் ஒன்றாயினும் இருவருக்கும் வேண்டிய உதவி ஒன்றன்று. ஆகவே, விதிப்படி சோதனை முடிந்தபின், மூன்று குழிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மூடியும், ஓரங்களை விரலால் தடவிப் பார்க்கச் செய்தும், மறுபடி முயலச் சொல்லுகிறேன். எட்டு வயதுக்குரிய கணக்குகளைத் தனியே செய்யும் இரு பிள்ளைகளுள், துணை கிடைத்தால் ஒருவன் ஒன்பது வயதின் எல்லையையும் மற்றவன் பன்னிரண்டின் எல்லையையும் எட்டக்கூடும் என்று ரஷ்ய அறிஞர் விகோத்ஸ்கி சொன்னதன் தாத்பரியம் அப்போதுதான் பிரத்தியட்சமாகிறது.

இதனால் எண்ணைக் கூட்டியெழுதுவதே கருணை என்று கொள்ளலாகாது. அரசாங்க உதவித்தொகைக்கும் பரீட்சைச் சலுகைக்கும் அந்த எண் ஆதாரமாகிறபடியால், இரக்கத்தின் பேரில் அதை உயர்த்துவது குழந்தைக்கு இழைக்கும் அநீதியே ஆகும். கருணைக்கு இடம் எண்ணுக்கு அடுத்த வரியில் இருக்கிறது. அங்கே ‘மந்தம்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் வாசிக்கும் ஆசிரியருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. எதைத் தானே செய்கிறான், எதைத் துணையோடு செய்கிறான் என்று எழுதினாலோ, அவருடைய வேலை அந்த இடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது.

“ஐயா, என் பிள்ளை தேறுவானா?” என்று கேட்கும் தாய்க்கு ஆரூடம் சொல்ல எனக்குச் சக்தியில்லை. நாளைக் காலையில் அவனுக்கு எதைக் கற்பிக்கத் தொடங்கலாம் என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்லாமல் அவளை அனுப்புவேனாயின், நான் அளந்ததில் பிரயோஜனம் இல்லை.