அடிப்பிடிச்ச கஞ்சியும் டீக்கடை பாய்லரும்

கஞ்சி வைக்கத் தெரியாதவன் என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அடியேன்தான் அது. நொய்யரிசி, தண்ணீர், உப்பு. மொத்தமே மூணு ஐட்டம். அதையும் மூணு நாள் தொடர்ந்து தீய்த்தேன்.

அப்பாவுக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை. பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வர வசதி என்று அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, தாதரில் என் அறையில் தங்கியிருந்தார். மூன்றாவது வாரம் சோறு இறங்கவில்லை. எடை இதற்கு மேல் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, கஞ்சிதான் கதி.

அறையில் காஸ் அடுப்பு கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. அம்மா கொடுத்தனுப்பிய அலுமினிய குக்கர் அதில் சூடே ஆகாது. காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். ஸ்டேஷன் பக்கம் தெருவோரத்தில் ஒரு எவர்சில்வர் சட்டி வாங்கினேன். காந்தம் நன்றாக ஒட்டியது. ஆனால் தகடு காகிதம் மாதிரி.

அடுப்பைக் குறைவாகத்தான் வைத்தேன், சாமி சத்தியமாக. ஐந்து நிமிஷத்தில் தீய்ந்த வாடை. மேலாக எடுத்துக் கொடுத்தேன். கருகின துணுக்கு ஒன்று புண்ணில் உரசி அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லாத்தாம்ல இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சட்டியைத் தேய்க்கும்போது பார்த்தால், அடியில் வளையல் மாதிரி கறுப்பு வட்டம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பிச்சுருள் வட்டமாகச் சுற்றியது. அதன் காந்தப்புலம் விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறி, சட்டியின் அடித்தகட்டிலேயே மின்சாரத்தை ஓடவிட்டுச் சூடாக்குகிறது. அதாவது சட்டியின் அடிதான் அடுப்பு. வளையத்துக்கு நேர் மேலே சூடு அதிகம். அதை இழுத்துப் பரப்ப எவர்சில்வரால் முடியாது. அலுமினியம் அதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். நல்ல பாத்திரங்களின் அடியில் நடுவே கனமான அலுமினியம் வைத்து ஒட்டுவது இதற்காகத்தான்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. காஸில் 'சிம்' என்றால் தீ உண்மையிலேயே சின்னதாகும். மலிவான இண்டக்‌ஷன் பலவற்றில் அப்படி இல்லை. சில விநாடி பலமாக ஓடும், சில விநாடி நிற்கும். கணக்குப் பார்த்தால் சராசரி குறைவுதான். ஆனால் மெல்லிய தகடு அந்தச் சில விநாடியிலேயே கொதித்துவிடும். நொய் வேறு அடியில் தங்கிப் பசையாகிவிட்டால் தண்ணீர் மேலும் கீழும் சுழலாது. அப்புறம் கருகாமல் என்ன செய்யும்?

மூன்றாம் நாள் நான் கரண்டியும் கையுமாகக் கிளறிக்கொண்டிருந்ததை அப்பா கட்டிலிலிருந்து பார்த்தபடி இருந்தார். பேசினால் தொண்டை வலிக்கும். மெதுவாகக் கேட்டார்:

"டீக்கடையில பால் அடிப்பிடிச்சுப் பாத்திருக்கியாலே?"

ஙே என்று விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஊர் டீக்கடை பாய்லரில் பால் சட்டி தீயில் உட்காராது. வெந்நீர் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

அதே சட்டியில் நாலு விரற்கடை தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு பிரிமணை போட்டு, அதன்மேல் அம்மா கொடுத்த சின்னத் தூக்குவாளியில் நொய்யும் வெந்நீரும் வைத்து மூடினேன். உள்ளே வைக்கும் பாத்திரத்தில் காந்தம் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. சுற்றியிருப்பது தண்ணீர். அது நூறு டிகிரிக்கு மேல் போகாது. தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தால் என்ன? வேலை ஒன்றே ஒன்றுதான்: வெளித் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது. முக்கால் மணி நேரமானது. கஞ்சி வெண்ணெயாக இருந்தது.

அப்பா ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை மறுபடி நீட்டினார்.

அந்த வார எடை குறையவில்லை. குழாயும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அடி கனமான பாத்திரம் ஒன்றும் வாங்கிவிட்டேன். பால் காய்ச்சுவதாக இருந்தால் அதிலும் முதலில் சட்டியைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் பாலை ஊற்றுகிறேன். பருப்பு, பாயசம் என்றால் கொதி வந்தபின் அடுப்பை அணைத்து அணைத்து வைக்கிறேன். ஆனால் கஞ்சி மட்டும் இன்றும் பாத்திரத்துக்குள் பாத்திரம்தான்.

அப்பா ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "நீ சாப்பிட்டியாலே?"