சின்ன டிங்கி வாங்கிய கதை

36 அடி பாய்மரப் படகிலிருந்து கரை போய்வர 2.4 மீட்டர் டிங்கி (காற்றடைத்த சின்ன ரப்பர் படகு) போதும் என்று வாங்கிவிட்டேன். முன்தளத்தில் அழகாக அடங்கியது, அதில்தான் ஏமாந்தேன். லங்காவித் தீவில் குவா ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு, இரண்டு பேர், நாலு தண்ணீர் கேன், ஒரு அரிசி மூட்டை ஏற்றினால் ரப்பர் குழாய் பாதி தண்ணீருக்குள். எதிர்க்காற்று வேறு என்றால் கரை சேர்வதற்குள் அரிசியே ஊறிவிடும்.

3.1 மீட்டர் டிங்கியும் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டாரும் இருந்தால் அலைமேல் எழும்பி ஓடும்தான். ஆனால் அந்த மோட்டாரே 35 கிலோவுக்கு மேல். கப்பி இல்லாமல் தூக்கினால் இடுப்பு போச்சு. (ஃபோர் ஸ்ட்ரோக் இன்னும் கனம்.) டிங்கியின் குழாய்த் துணியும் முக்கியம்: வெயில் ஊரில் பிவிசி வேண்டாம், ஹைப்பலான்தான் தாங்கும்.

வாங்குமுன் பாய்மரத்துக்கு முன்னால் உள்ள இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நான் இப்போதுதான் அளந்தேன். 2.9 மீட்டர். அந்த நீள டிங்கியையே வாங்கியாச்சு.