அலைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ச் சாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அக்டோபர் கடைசியில் நீயும் மாப்பிள்ளையும் நார்ஃபோக்கிலிருந்து படகில் கிளம்புகிறீர்கள், சார்ல்ஸ்டனில் உன் கல்லூரித் தோழி வீடு, சவானாவில் மாப்பிள்ளையின் சிநேகிதர் வீடு என்று இறங்கி இறங்கி மயாமி வரை போகப்போகிறீர்கள் என்று உன் அப்பா சொன்னான். அவ்வளவு தூரம் கடலிலா என்று உன் அம்மாவுக்குக் கவலையாம். கவலை வேண்டாம் என்று சொல். நீங்கள் போகும் வழியில் பெரும்பகுதி கடலில் இல்லை. கடலுக்குப் பக்கத்திலேயே, அலை எட்டாத உள்பக்கமாக ஓடுகிறது. அந்த வழி உண்டான கதையைத் தெரிந்துகொண்டு நீங்கள் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையை வரைபடத்தில் பார்த்தால், கரைக்கு முன்னால் மணல் தீவுகள் வரிசையாகக் கிடப்பது தெரியும். தீவுக்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக். இந்தப் பக்கம் காயல், கழிமுகம், சதுப்பு, ஆறு. நார்ஃபோக்குக்குத் தெற்கே ஹேட்டரஸ் முனையில் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டமும் சந்திக்கின்றன. கடலுக்கு அடியில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே மூழ்கிய கப்பல்கள் ஏராளம். 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்றே மாலுமிகள் அந்தக் கடலுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த முனையைச் சுற்றாமல் உள்பக்கமாகவே தெற்கே போக முடியாதா என்ற ஏக்கத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அந்த ஏக்கத்தைத் திட்டமாக எழுதியவர் ஆல்பர்ட் கேலட்டின். ஜனாதிபதி ஜெஃபர்சனின் நிதியமைச்சர். 1808இல் அவர் செனட்டுக்குக் கொடுத்த அறிக்கை, மாசசூசெட்ஸிலிருந்து ஜார்ஜியா வரை உள்நாட்டு நீர்வழி கிட்டத்தட்ட இயற்கையாகவே அமைந்திருக்கிறது என்றது. குறுக்கே நிற்பவை நான்கே நிலக் கழுத்துகள்: கேப் காட், நியூ ஜெர்சி, டெலவேர், வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவிலுள்ள பெரும் சதுப்பு. இந்த நான்கையும் வெட்டிவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அது முழுமையாக நிறைவேற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நான்காவதாகச் சொன்ன சதுப்பில் கேலட்டினுக்கு முன்பே மண்வெட்டி விழுந்துவிட்டது. 'கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்' என்பது அதன் பெயர். 1793இல் தொடங்கி 1805இல் கால்வாய் திறந்தது. நீளம் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர். இன்றும் அதில் படகு போகிறது. அந்த நாட்டில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய செயற்கைக் கால்வாய் என்ற பெயர் அதற்கு உண்டு. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். முதலாளிகள் தங்கள் அடிமைகளைக் கால்வாய்க் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். கூலி முதலாளி கைக்குப் போயிற்று. இடுப்பளவு சேற்றில் நின்று, மர வேர்களை அறுத்து, மண்ணை அள்ளி மேலே வீசியது மட்டும் அந்த மனிதர்களின் பங்கு.

இதை வெளியிலிருந்து யாரோ எழுதி வைத்த குறிப்பாக நினைக்காதே. அந்தக் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டிய மோசஸ் கிராண்டி என்ற அடிமையே சொல்லி, 1843இல் லண்டனில் புத்தகமாக வந்தது. தன் விடுதலையை அவர் மூன்று முறை விலை கொடுத்து வாங்கினார். முதல் முறை எஜமானன் 600 டாலரைத் தவணை தவணையாக வாங்கிக்கொண்டு அவரை வேறொருவனுக்கு விற்றான். அடுத்தவனும் பணத்தை வாங்கி ஏமாற்றினான். மூன்றாம் முறை ஒரு நல்ல மனிதர் முன்பணம் கொடுத்து மீட்க, அந்தக் கடனையும் அடைத்தபின்தான் அவர் சுதந்திர மனிதர் ஆனார். அவருக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த நாளில், விற்கப்பட்டுச் சங்கிலியில் கொண்டுபோகப்படும் கூட்டத்தில் தன் மனைவியைப் பார்த்தார். சிறிது நேரம் பேச விட்டார்கள். அதற்குப் பிறகு வாழ்நாளில் அவளை அவர் பார்க்கவில்லை. கணவனும் மனைவியுமாக நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அதே சதுப்புதான் வேறு சிலருக்கு அடைக்கலமும் கொடுத்தது. தப்பி ஓடிய அடிமைகள் அந்தக் காட்டின் நடுவிலுள்ள மேட்டுத் திடல்களில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். துரத்தி வந்தவர்களால் நுழைய முடியாத இடம் அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பகுதி தெரிந்த கதைபோலத் தோன்றும். டிஸ்மல் கால்வாய் திறந்த அடுத்த ஆண்டு, 1806இல், சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் தோண்டத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து, பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டருக்குக் கடலோரமாகவே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களை நிவாரண வேலை என்று இறக்கித்தான் அதன் முக்கியமான இணைப்பை வெட்டினார்கள். அங்கே சங்கிலி, இங்கே பசி. சென்னையில் அந்தக் கால்வாயின் கதி என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. அமெரிக்காவில் அவர்கள் தங்கள் வழியைக் கைவிடவில்லை. பொறாமைப்பட வேண்டிய விஷயம் அதுதான்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1859இல் டிஸ்மலுக்குக் கிழக்கே போட்டியாக இன்னொரு கால்வாய் திறந்தது; ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய். அதை நீராவியால் இயங்கும் தூர்வாரி இயந்திரங்களைக் கொண்டு வெட்டினார்கள். அகலமும் ஆழமும் அதிகம் என்பதால் சரக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஃபுளோரிடாவில் 1881இல் ஒரு தனியார் கம்பெனி கால்வாய் வெட்டக் கிளம்பியது. ஒரு மைலுக்கு 3,840 ஏக்கர் நிலம் என்று மாநில அரசு வாரிக் கொடுத்தது. வேலை முடிய 1912 ஆயிற்று. குறுக்கே சங்கிலி போட்டுச் சுங்கம் வாங்கினார்கள். நிலத்தில் காட்டிய அக்கறையைத் தண்ணீரில் காட்டாததால் கால்வாய் தூர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஃபுளோரிடாவில் இதற்கென்றே 1927இல் ஏற்பட்ட ஒரு வாரியம் அதை விலைக்கு வாங்கி, 1929இல் மத்திய அரசிடம் ஒப்படைத்தது. டிஸ்மல் கால்வாயும் அந்த ஆண்டுதான் அரசின் கைக்கு வந்தது. தென் கரோலினாவில் மிர்ட்டில் பீச்சுக்குப் பின்னால் பாறையை வெட்டிச் செய்த கடைசி இணைப்பு 1936இல் திறந்தபோது, நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை 1,090 மைல் வழி ஒன்றாயிற்று.

ஆறே ஆண்டுகளில் அதற்கு வேலை வந்தது. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரையோரமாகவே வந்து எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் மூழ்கடித்தன. உள்வழியில் பார்ஜுகள் எண்ணெயையும் சரக்கையும் பத்திரமாகக் கொண்டுபோயின.

உல்லாசப் படகுக்காக வெட்டிய வழியல்ல இது. சரக்குக்கும் யுத்தத்துக்கும் வெட்டியதில், சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் மாறியபின், தம்பதிகள் வந்து சேர்ந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருப்பவர்கள், வேலையிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்த இளசுகள். இலையுதிர் காலத்தில் தெற்கே போவார்கள், வசந்தத்தில் வடக்கே திரும்புவார்கள். புயல் பருவம் நவம்பர் கடைசி வரை இருப்பதால், குறிப்பிட்ட தேதிக்கு முன் தெற்கே போனால் இன்ஷூரன்ஸ் செல்லாது என்று பல கம்பெனிகள் நிபந்தனை வைக்கின்றன. ஆகவே அக்டோபர், நவம்பரில் ஒரே சமயத்தில் ஒரு பெரிய கூட்டம் இறங்கும். ஒருநாள் நங்கூரமிட்ட இடத்தில் பார்த்த படகை மூன்று நாள் கழித்து இன்னோர் ஊர்த் துறையில் பார்ப்பார்கள், அதற்குள் சிநேகமாகியிருக்கும்.

பகலில்தான் ஓட்டுவார்கள். பாய்மரப் படகு மணிக்கு ஐந்து, ஆறு நாட் போகும். மெதுவான மோட்டார் படகு ஏழு, எட்டு. ஒரு நாளைக்கு ஐம்பது மைல் போனால் அதிகம். வழியில் பழைய தூக்குப் பாலங்களும் சுழல் பாலங்களும் குறுக்கிடும். பாலக்காரரை ரேடியோவில் கூப்பிட்டு, படகின் பெயரைச் சொல்லி, திறக்கும் நேரம் வரை மிதந்து நிற்க வேண்டும். திறக்காத நிலைப் பாலங்களின் உயரம் பொதுவாக 65 அடி. பாய்மரத்தின் உயரத்தை இந்த எண்ணைப் பார்த்துத்தான் அளந்துகொள்வார்கள். பின்னால் வரும் வேகப் படகு முந்த விரும்பினால் முதலில் ரேடியோவில் கேட்கும். முன்னால் போகும் படகு வேகத்தை நன்றாகக் குறைக்கும், பின்னால் வருவதும் குறைத்துக்கொண்டு மெல்லத் தாண்டும். இல்லையென்றால் அதன் அலையில் முன் படகின் சமையலறையில் ஒரு பாத்திரம் மிஞ்சாது. ஜார்ஜியாவுக்குள் போனதும் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு, எட்டு அடி வித்தியாசம். காலையில் படகு நின்ற இடம் மாலையில் சேறாகத் தெரியும். மாப்பிள்ளையிடம் இதை அழுத்திச் சொல்.

இந்த வழியின் விருந்தோம்பல் அந்த நாட்டில் பேர்போனது. நதானியல் பிஷப் என்பவர் 1874இல் கனடாவின் க்யூபெக்கிலிருந்து கிளம்பி, மறு ஆண்டு மெக்ஸிகோ வளைகுடா வரை போனார். கடைசி 2,000 மைலை 58 பவுண்டு எடையுள்ள காகிதத் தோணியில் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டே கடந்தார். வழிநெடுக முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்ததை அவர் புத்தகத்தில் காணலாம்.

அதைவிட அண்மைக்கால உதாரணம் எலிசபெத் சிட்டி. வட கரோலினாவில், டிஸ்மல் கால்வாயின் தெற்கு முனையைத் தாண்டியதும் வரும் சிறிய ஊர். அதன் துறையில் வந்து தங்கும் படகுகளுக்கு 48 மணி நேரம் வாடகை கிடையாது என்பது வழக்கம். 1983இல் ஒரு நாள் ஃபிரெட் ஃபியரிங், ஜோ கிரேமர் என்ற இரண்டு நண்பர்கள் துறையில் நின்ற படகுக்காரர்களுக்கு ஒயினும் சீஸும் வைத்து விருந்து கொடுத்தார்கள். கிரேமர் தன் தோட்டத்து ரோஜாக்களைப் பறித்துவந்து படகில் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று கொடுத்தார். அன்று தொடங்கியது பல ஆண்டுகள் தொடர்ந்தது. 'ரோஸ் பட்டீஸ்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. கிரேமர் காலமானபின் அவர் வீட்டு ரோஜாச் செடிகளைத் துறைக்கே கொண்டுவந்து நட்டார்கள். ஃபியரிங் 2007இல் இறந்தார். தொண்ணூறு வயதுக்கு மேலும் துறைக்கு வந்து படகுகளை வரவேற்றவர். யாரும் அவர்களை நியமிக்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே போக இரண்டு வழி என்று முன்பே சொன்னேன். ஆல்பமார்ல் கால்வாய் அகலமானது, வேகமானது. டிஸ்மல் வழி ஒடுக்கமானது, ஆழம் ஆறடிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, மிதக்கும் கட்டைகள் வரும், வறட்சியிலோ பெருமழைக்குப் பிறகோ மூடியும் விடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் அந்த வழியே போங்கள். அதன் தொடக்கத்தில், டீப் கிரீக் என்ற இடத்தில், லாக் இருக்கிறது. படகு உள்ளே போனதும் பின்கதவு மூடும், தண்ணீர் பொங்கிச் சுமார் எட்டடி உயர்த்தும், முன்கதவு திறக்கும். உள்ளே தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். மரப்பட்டைகளிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஊறிய துவர்ப்பு அது. கெடாது என்று அந்தக் காலத்துக் கப்பல்கள் பீப்பாய் பீப்பாயாக இந்தத் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. அந்த லாக்கில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒருவர், வரும் படகுக்காரர்களுக்குச் சங்கு ஊதிக் காட்டுவாராம். பஹாமாஸ் போய்த் திரும்பியவர்கள் அவருக்கென்றே சங்கு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த வழியைத் தூர்வாரிப் பராமரிக்க வேண்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. நிதி ஒதுக்கும்போது அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது எத்தனை டன் சரக்கு போகிறது என்பதை. சரக்கு குறைந்ததால் பணமும் குறைந்தது. ஜார்ஜியாவின் ஜெக்கில் கிரீக், லிட்டில் மட் ரிவர் போன்ற இடங்கள் மேடிட்டுப் போய், வற்றத்தில் படகுகள் தரைதட்டின. ஆயிரக்கணக்கான தம்பதிகள் வந்து தங்கிச் செலவழிக்கும் கரையோரச் சிற்றூர்களின் பிழைப்பு அந்தக் கணக்கில் சேருவதில்லை. 1999இல் அமைந்த அட்லாண்டிக் உள்கரை நீர்வழிச் சங்கம் இதைச் சொல்லித்தான் நாடாளுமன்றத்தில் பணம் கேட்டு வருகிறது. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மோசஸ் கிராண்டியின் புத்தகம் சிறியது. ஒரே மாலையில் படித்துவிடலாம். வட கரோலினாப் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டீப் கிரீக் லாக்கின் கதவு திறப்பதற்குள் நீங்கள் இருவரும் அதைப் படித்து முடித்திருக்க வேண்டும். சார்ல்ஸ்டன் தோழிக்கும் ஒரு பிரதி கொடு.

அன்புடன்,
பெரியப்பா