பெரியண்ணன் வண்டியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும்

"பெரியப்பா வண்டியை வித்தாச்சா?" என்று போன வாரம் மட்டும் நாலு பேர் கேட்டீர்கள். விற்கவில்லை. என்ன நடந்தது என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நிற்கும் பெரியண்ணனின் டீசல் அம்பாசடரை உங்களில் பலருக்குத் தெரியும். நம் வீட்டு மூன்று கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான். 2022ல் அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன். அதே சமயம் காவிரிப் பாலத்தையும் பராமரிப்புக்காக மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். மழைக்காலம் முழுக்க வண்டி அரை டேங்க் டீசலோடு நின்றது.

பாலம் திறந்தபின் எடுத்தால், வாசலில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். மாம்பழச்சாலை தாண்டிப் பாலம் ஏறியதும் இழுவை குறைந்து நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஓடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை ஃபில்டர் மாற்றினார்கள். மூன்றாம் தடவை, "பம்ப் போச்சு சார், பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்தது. அந்த சீட் உயரம்தான் அவர் காலுக்குத் தோது. வண்டி போனால் அவர் வெளியே போவதும் போச்சு.

திருவானைக்காவல் பக்கம் டீசல் மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். (பெயர் போடக்கூடாது என்று உத்தரவு!) அவன் பம்ப்பைத் தொடவே இல்லை. டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை உறிஞ்சி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் அடியில் தண்ணீர், மேலே டீசல், நடுவில் கறுப்பாகக் கூழ் மாதிரி ஒரு படலம்.

"ஏழாம் வகுப்புல நல்லெண்ணெயும் தண்ணியும் ஊத்திக் காட்டினீங்களே டீச்சர், அதேதான்" என்றான்.

விஷயம் இதுதான். பாதி காலியான டேங்க்கில் காற்றின் ஈரம் உள்சுவரில் வேர்த்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. டீசல்தான் அவற்றுக்குச் சாப்பாடு! அவை விடும் அமிலம் இரும்பையும் அரிக்கும். அந்தக் கூழ் ஓட ஓட உறிஞ்சு குழாயின் வலையில் அப்பி அடைக்கிறது; என்ஜின் நின்றதும் உதிர்ந்து வழி விடுகிறது. பாலத்தின் மேல் நடந்த மாயம் அவ்வளவுதான். டேங்க்கில் அழுக்கு இருக்கும்வரை எத்தனை ஃபில்டர் மாற்றி என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திறந்த வெளியில் வேலை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினான். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கிடையாது. டீசலைக் கேனில் வடித்து, டேங்க்கை இறக்கி, உள்ளே சுத்தமான டீசல் கொஞ்சமும் ஒரு துண்டுச் சங்கிலியும் போட்டு இரண்டு பேர் குலுக்கினார்கள். துருவும் கூழுமாக வந்தது. தெளிவாக வரும்வரை ஐந்து தடவை. பிறகு காயவிட்டு, வலையைக் கழுவி, குழாய்களைக் காற்றடித்து, புது ஃபில்டர் போட்டான். புது டீசல் ஊற்றி, கைப்பம்பை அமுக்கிக் குமிழி நிற்கும்வரை காற்று எடுத்தான். பம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் அதுவரை போயிருந்தால் நிஜமாகவே பம்ப் போயிருக்கும். அதற்கு உள்ளே டீசல்தான் ஆயிலும்.

கழிவை அவன் சாக்கடையில் ஊற்றவிடவில்லை. "கடைசியில ஆத்துலதான் டீச்சர் சேரும்" என்று கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தான். அன்று எனக்கு நிறைந்தது.

அண்ணன் இப்போது வாரம் இரண்டு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போய் வருகிறார். சாப்பாடும் சரியாகிவிட்டது.

வீட்டில் பழைய டீசல் வண்டி நிற்கிறதா? நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி வையுங்கள். ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை வடியுங்கள். டேங்க்கில் ஓட்டை என்றால் வெல்டிங் வைக்க அவசரப்படாதீர்கள், உள்ளே இருக்கும் ஆவி உயிரை எடுக்கும். யாராவது பம்ப் போச்சு என்றால், முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுங்கள்.

மெக்கானிக் நம்பர் வேண்டுவோர் எனக்குப் போன் செய்யுங்கள். அவனைக் கேட்டுவிட்டுத் தருகிறேன்.