தோன்றா எழுவாய்

அகதி விசாரணையில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். "வெளியேறச் சொன்னாங்கள், வெளிக்கிட்டம்" என்றோம். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். யார் சொன்னது? யாரை? தமிழில் குறையில்லாத வசனம் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டு ஓட்டைகளோடு நின்றது.

பிறகு நியூ ஜேர்சியில் கோப்பை கழுவிய காலத்தில், பாதியில் விட்ட படிப்பின் ஆசையில், நூலகத்தில் மொழியியல் நூல்களைப் புரட்டினோம். அந்த ஓட்டைகளில் ஒன்றைப் பற்றி அறிஞர்கள் அறுபது ஆண்டுகளாகத் தர்க்கித்து வருகிறார்கள்.

'முதலாளி எங்களைக் கழுவச் சொன்னார்.' 'கழுவ' என்பதில் திணையில்லை, பாலில்லை, எண்ணில்லை, இடமுமில்லை. ஆனாலும் கழுவுவது நாங்கள்தான். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வசனங்களில், கிட்ட நிற்கும் பெயரே அந்தத் தோன்றா எழுவாய் என்று 1967இல் றோசன்பாம் எழுதினார். 'வாக்குக் கொடுத்தல்' மட்டும் இந்த விதிக்கு மசியவில்லை. முதலாளி எங்களுக்குச் சம்பளம் தருவதாக வாக்குக் கொடுத்தால், ஆங்கில வசனத்தில் கிட்ட நிற்பது நாங்கள், தரவேண்டியவர் அவர். இது பிடிபடப் பிள்ளைகளுக்கு நாட்செல்லும் என்று, ஐந்து முதல் பத்து வயதினரைச் சோதித்து, 1969இல் கரோல் சோம்ஸ்கி காட்டினார். எங்களுக்கு முப்பது வயதிலும் பிடிபடவில்லை. அவருடைய கணவர் நோம் சோம்ஸ்கி 1981இல் அந்த வெற்றிடத்தை, உச்சரிக்கப்படாத ஒரு பிரதிப்பெயராகவே கணக்கில் எடுத்தார்.

எங்கள் தொல்காப்பியர் எச்சங்களை முன்னரே பிரித்து வைத்திருந்தார். 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையோடுதான் முடியும். 'செய' என்பது பிறர் வினையையும் கொள்ளும். 'ஷெல் விழ நாங்கள் ஓடினோம்.' விழுந்தது ஒன்று, ஓடியது வேறு. எச்சம் இப்படித் தன் எழுவாயை வெளிப்படையாகவே வைத்திருக்கும் தமிழ் வழக்கம், ஆங்கிலத்தை வைத்துக் கட்டிய விதிகளுக்குச் சிக்கல். 2009இல் சந்தியா சுந்தரேசனும் தோமஸ் மக்ஃபடனும் தமிழை முன்வைத்து இதை ஆராய்ந்தார்கள்.

இனி எங்கள் வசனம். 'வெளியேற' என்பதன் எழுவாயைச் 'சொல்' என்ற வினையே காட்டிக்கொடுக்கிறது: சொல்லக் கேட்டவர்கள் வெளியேறவேண்டும். 'சொன்னாங்கள்' என்பதற்கு அப்படி ஒரு விதியில்லை. விகுதி பலர் என்று மட்டும் சொல்லும். மிச்சம் கேட்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள் புலிகள். முன்னேறி வந்தது இராணுவம். நாங்கள் தாயின் கையைப் பிடித்து நடந்த சிறுவர்கள். ஊரில் அதற்குப் பிறகும் எவரும் அந்த எழுவாயை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.

விசாரணையில் 'யாரை' என்றதும் 'எங்களை' என்றோம். 'யார்' என்பதற்கு வாய்திறக்க நெடுநேரம் எடுத்தது. முதலாவதை இலக்கணம் மறைத்து வைத்திருந்தது, இரண்டாவதை நாங்கள்.