குதிரைக்கு நகம் வெட்டுவது யார்?

பிள்ளைகளே, உங்கள் கைவிரல் நகத்தைப் பாருங்கள். நகம் வெட்டும்போது நோகுமா? நோகாது. கொஞ்சம் கூடுதலாக வெட்டினால்? "ஆ!" என்று கத்திவிடுவோம்.

குதிரையின் குளம்பும் ஒரு நகம்தான். நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற பொருள்தான் குளம்பிலும் இருக்கிறது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நெடுந்தீவு இருக்கிறது. அங்கே குதிரைகள் கட்டாக்காலியாக, அதாவது யாரும் கட்டி வைக்காமல், திரிகின்றன. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. அவற்றுக்கு யாரும் நகம் வெட்டுவதில்லை. நாள் முழுக்க நடந்து மேய்வதால், குளம்பு வளர வளரத் தானாகவே தேய்ந்துவிடும்.

லண்டன் குதிரையின் கதை வேறு. ஹைட் பார்க் பக்கம் அரச குதிரைப்படை போவதைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே தார் வீதி, முதுகில் ஆள். குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும். அதனால் இரும்பு லாடம் அடிக்கிறார்கள். லாடம் என்றால் குதிரையின் சப்பாத்து. ஆனால் லாடம் போட்டபின் குளம்பு தேயாது, வளர்ந்துகொண்டே போகும். எனவே ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததை வெட்டி, மறுபடி அடிக்க வேண்டும்.

என் மகள் குதிரை ஓட்டப் பழகும் இடத்தில் ஓர் அக்கா இந்த வேலையைப் பழகுகிறார். அவருடைய ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பார். ஒரு சனிக்கிழமை நாங்கள் நின்று பார்த்தோம்.

அந்த அக்கா உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் குதிரையை நடக்க வைத்துப் பார்த்தார். பிறகு அதன் முன்காலைத் தூக்கித் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பழைய லாடத்தைக் குறட்டால் கழற்றினார். குளம்பின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர்! கால் ஊன்றும்போது அதிர்வைத் தாங்க அது உதவுகிறது.

வளர்ந்த ஓரத்தை வெட்டினார். அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினார். உலையில் சிவக்கச் சூடாக்கிய லாடத்தைச் சுத்தியலால் அடித்து, அந்தக் குளம்பின் வடிவத்துக்கு வளைத்தார். நீங்கள் கடையில் உங்கள் காலுக்குப் பொருந்தும் சப்பாத்தைத் தேடுவீர்கள்தானே? இங்கேயும் அப்படித்தான். லாடத்துக்காகக் குளம்பை வெட்டக்கூடாது. குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைக்க வேண்டும்.

சூடான லாடத்தைக் குளம்பில் வைத்ததும் புகை வந்தது. முடி கருகிய மணம்!

"அம்மா, குதிரைக்கு நோகாதோ?" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

குதிரையோ அசையாமல் நின்றது. குளம்பின் வெளிச்சுவரில் உணர்ச்சி இல்லை. அதன் உள்பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டுக்கு வெளியேதான் ஆணி இறங்க வேண்டும். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சரிவாக இருக்கும். அதனால் அடிக்க அடிக்க அது வெளிப்பக்கமாக வளைந்து வரும். கோட்டைத் தாண்டி உள்ளே போனால், நல்லா நடந்த குதிரை நொண்டத் தொடங்கும்.

நான் கணினிக்கு மென்பொருள் எழுதுகிறேன். தவறாக எழுதிய வரியை ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிடலாம். கூடுதலாக வெட்டிய குளம்பை ஒட்ட முடியாது. அது வளரும்வரை குதிரைதான் வலியைத் தாங்க வேண்டும்.

அதனால்தான் இந்த நாட்டில் 1975-இல் ஒரு சட்டம் வந்தது. பதிவு பெறாதவர் லாடம் அடிக்கக்கூடாது; சொந்தக் குதிரைக்குக்கூட! பழகுவதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். இந்தக் கவலை புதிதும் அல்ல. 1356-இலேயே, வேலை தெரியாதவர்கள் குதிரைகளைக் கெடுக்கிறார்கள் என்று லண்டன் மேயர் லாடம் அடிப்பவர்களை அழைத்துப் பேசினார். அப்போது தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது.

அதற்குச் சுமார் 60 ஆண்டுகளுக்கு முன், மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்குப் போனார். அங்கே அரசர்கள் ஒவ்வோர் ஆண்டும் கடல் கடந்து வந்த குதிரைகளை ஏராளமாக வாங்கினார்கள். ஆனால் பராமரிக்கத் தெரியாததால் பல குதிரைகள் செத்துப்போயின என்று அவர் எழுதினார். அந்தக் காலத்தில் லாடம் அடிப்பவரே குதிரை வைத்தியரும். அப்படிப்பட்டவர்களை அங்கே போகவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்களாம். ஏன் தெரியுமா? குதிரைகள் செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

பாருங்கள், அரசரிடம் பொன் இருந்தது. ஆனால் குதிரையின் காலைப் பார்க்கத் தெரிந்த கை இல்லை. அந்தக் கை ஒரே நாளில் வராது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும்.

அடுத்தமுறை வீதியில் குதிரை வந்தால், கண்ணை மூடிக் கேளுங்கள். டக், டக், டக், டக். நாலு காலும் ஒரே சீராகக் கேட்கிறதா? அப்படியென்றால் யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.